கனெக்‌ஷன் கொடுத்தது யார்? (மைக்கேல் பாரடேயின் வாழ்க்கையும் நம் ரெக்கார்டு நோட்டும்)



உங்கள் ரெக்கார்டு நோட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'புரொசீஜர்' என்று எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருப்பீர்கள். அதற்குக் கீழே முதல் வரி என்ன? 'கனெக்‌ஷன்ஸ் ஆர் கிவன் அஸ் பெர் தி சர்க்யூட் டயகிராம்.' எங்கள் மின்னியல் துறையில் இந்த வரி இல்லாத ரெக்கார்டே கிடையாது. சீனியர் எழுதினார், அவருக்கு சீனியர் எழுதினார், நாங்களும் எழுதினோம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு வரி மாறும், வினை மாறாது. லோடு ஏற்றப்படுகிறது, ரீடிங் குறிக்கப்படுகிறது, கிராஃப் வரையப்படுகிறது. எல்லாமே தானாக நடக்கிற மாதிரி! லேபில் மனுஷனே இல்லை!

ஸ்கூலில் ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் படித்தோமே, ஞாபகம் இருக்கா? ராமா கில்டு ராவணா. ராவணா வாஸ் கில்டு பை ராமா. தமிழ் இலக்கணத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை. டிப்ளமோவுக்கு வந்ததும் நாம் செய்த ஒரே மாற்றம், கடைசியில் இருந்த 'பை ராமா'வை வெட்டியதுதான். ராவணன் செத்துக் கிடக்கிறான். கொன்னது யாருன்னு கேட்டா ஆளைக் காணோம்.

இது இங்கிலீஷ் பேப்பரில் இரண்டு மார்க் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருஷம் மெஷின்ஸ் லேபில் ஒரு அம்மீட்டர் எரிந்தது. எங்கள் பேட்ச்சில் நான்கு பேர். விளக்கக் கடிதம் கொடுக்கச் சொன்னார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை எனக்கு. 'அம்மீட்டர் தவறாக இணைக்கப்பட்டதால் பழுதடைந்தது' என்று எழுதினேன். அதில் பொய் ஒரு சொட்டுக்கூட இல்லை. நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். மூன்று நாள் கழித்து, மீட்டரை எடுத்துக் கொடுத்த லேப் அட்டெண்டர் அண்ணனுக்கு மெமோ வந்தது. 'தவறாக இணைக்கப்பட்டது' என்றால் யார் இணைத்தது? கடிதத்தில் பெயர் இல்லை. ஆபீசில் அவர்களே ஒரு பெயரைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரம் லைப்ரரியில் கையில் கிடைத்ததுதான் மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை. மின் மோட்டார், ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் மூன்றுக்கும் மூலவர் என்று நமக்குத் தெரியும். ஆனால் அவர் தன் வேலையை எப்படி எழுதி வைத்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மீட்டர் கதையின் மிச்சம் கடைசியில்.

* கொல்லன் மகன் *

பாரடே 1791 செப்டம்பர் 22-ல் லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் இரும்புப் பட்டறைத் தொழிலாளி. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். முழு நாள் வேலை செய்ய இயலாது. வீட்டில் நான்கு பிள்ளைகள். 1801-ல் தானிய விலை ஏறிக் கிடந்தபோது ஒன்பது வயது மைக்கேலுக்கு ஒரு ரொட்டியைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு வைத்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளியில் கற்றது எழுத, படிக்க, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான். 1804-ல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அங்கேயே புக் பைண்டிங் கற்க ஏழு வருஷ அப்ரெண்டிஸ். நமக்கு அப்ரெண்டிஸ்ஷிப் ஒரு வருஷம், அதற்கே அலுத்துக்கொள்கிறோம்!

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை அவர் தைக்க மட்டும் செய்யவில்லை, படித்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல்கள் எல்லாம் இப்படிக் கிடைத்தவை. ஐசக் வாட்ஸ் எழுதிய அறிவு வளர்ச்சி நூல் ஒன்றும் கிடைத்தது. படித்ததைக் குறிப்பெடுக்க வேண்டும், நண்பர்களுக்குக் கடிதம் எழுதிப் பழக வேண்டும் என்பது அதன் யோசனை. பையன் அப்படியே பிடித்துக்கொண்டான்.

1810-ல் ஜான் டேட்டம் என்பவர் வீட்டில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போனார். ஒரு சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தது அண்ணன் ராபர்ட். அவரும் பட்டறைத் தொழிலாளிதான். 1812-ல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி பேசும் நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். பாரடே கேட்டதையெல்லாம் எழுதி, கருவிகளின் படம் வரைந்து, சுமார் 300 பக்கத்துக்குத் தன் கையாலேயே பைண்டு செய்து, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் அங்கிருந்த லேப் உதவியாளர் சண்டை போட்டு வேலை இழக்க, 1813 மார்ச் 1-ல் பாரடேக்கு அந்த இடம் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் அறை, கரி, மெழுகுவத்தி.

கவனியுங்கள். காலேஜ் படிக்காத ஒருத்தருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது ஒரு ரெக்கார்டு நோட்டு!

* எழுத்து பிறவியில் வந்ததல்ல *

சிறு வயதில் அவருக்கு இலக்கணமும் சரியாக வராது, பேச்சும் சரியாக வராது. 1812-லிருந்து பெஞ்சமின் ஆபட் என்ற நண்பருக்கு நீளநீளமாகக் கடிதம் எழுதினார். தன் மொழியைத் திருத்திக்கொள்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார். எட்வர்ட் மக்ரத் என்ற இன்னொரு நண்பர் உட்கார்ந்து பிழை திருத்தினார். 1818-ல் சில நண்பர்கள் சேர்ந்து ஒரு கட்டுரைக் குழு ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் அவரைப் போல உழைத்துப் பிழைத்தவர்கள். ஆளுக்கொரு கட்டுரை எழுதி ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிக் குறை சொல்வார்கள். இந்த மலருக்குக் கட்டுரை எழுத ஆள் கிடைக்காமல் நம் சங்கச் செயலாளர் ஹாஸ்டலில் ரூம் ரூமாகக் கதவு தட்டினாரே, அவருக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

1827-ல் பாரடே 'கெமிக்கல் மேனிபுலேஷன்' என்று 600 பக்கங்களுக்கு மேல் ஒரு புத்தகம் எழுதினார். தராசை எப்படிப் பிடிப்பது, கண்ணாடிக் குழாயை எப்படி வளைப்பது, எப்படிச் சூடுபடுத்துவது என்று முழுக்க முழுக்கக் கைவேலைப் பாடம். அந்தக் காலத்து லேப் மேனுவல். மூன்று பதிப்பு வந்தது.

* 1821: விட்டுப்போன ஒரு பெயர் *

1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் உள்ள காந்த ஊசி அசைகிறது என்று கண்டுபிடித்தார். ஐரோப்பா முழுக்க இதே பேச்சு. 1821 செப்டம்பர் 3, 4 தேதிகளில் பாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி, காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நாம் மெஷின்ஸ் லேபில் ஓட்டும் மோட்டாருக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

அவசரமாகக் கட்டுரை எழுதி அடுத்த மாதமே வெளியிட்டார். அங்கேதான் சறுக்கல். அதே வருஷம் ஏப்ரலில் வில்லியம் வொல்லஸ்டன் என்ற பெரிய விஞ்ஞானி, கம்பி தன் அச்சில் தானே சுழலும் என்று எதிர்பார்த்து டேவியோடு சேர்ந்து ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே முயன்றிருந்தார். சோதனை பலிக்கவில்லை. பாரடே செய்தது வேறு சோதனைதான். ஆனாலும் வொல்லஸ்டன் பெயரைக் கட்டுரையில் போடவில்லை. கேட்கப் போனபோது அவர் ஊரில் இல்லை. இவர் காத்திருக்கவும் இல்லை. அடுத்தவர் யோசனையைத் திருடிவிட்டான் என்று லண்டனில் பேச்சு கிளம்பியது. பைண்டிங் பட்டறையிலிருந்து வந்தவருக்கு மானம்தானே முதல்! நேரில் போய் விளக்கினார். 1823-ல் எது எப்போது நடந்தது என்று தேதியோடு எழுதியும் வெளியிட்டார். 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் தேர்வானபோது அதை எதிர்த்தவர் யார் தெரியுமா? அவருக்கு வேலை கொடுத்த அதே டேவி.

செய்வினையில் எழுதுவது என்றால் 'நான்', 'நான்' என்று தம்பட்டம் அடிப்பதல்ல. என் வேலைக்கு என் பெயர், உன் வேலைக்கு உன் பெயர். இரண்டாவது பாதியை பாரடே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்.

* 1831: இரும்பு வளையம் *

மின்சாரத்திலிருந்து காந்தம் வருகிறது என்றால், காந்தத்திலிருந்து மின்சாரம் ஏன் வரக்கூடாது? இந்தக் கேள்வி அவரைப் பல வருஷம் குடைந்தது. 1825 நவம்பரில் கம்பிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்று நோட்டில் எழுதி வைத்தார். அதே வருஷம் ஜெனீவாவில் கொலாடன் என்பவரும் முயன்றார். காந்தம் கால்வனாமீட்டரைப் பாதிக்கக்கூடாது என்று மீட்டரைத் தள்ளி வேறொரு அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் விட்டார். எழுந்து நடந்து போய் மீட்டரைப் பார்த்தார். முள் அசையவில்லை. உண்மையில் அசைந்திருக்கும்; அவர் நடந்து வருவதற்குள் திரும்பிவிட்டது!

இதை நம் ரெக்கார்டு பாஷையில் எழுதிப் பாருங்கள். காந்தம் சுருளுக்குள் செலுத்தப்பட்டது. கால்வனாமீட்டர் பார்க்கப்பட்டது. விலகல் காணப்படவில்லை. மூன்று வரியும் சரி. சிவப்பு மை படாது. ஆனால் யார் எங்கே நின்றார், யார் எப்போது பார்த்தார் என்பது போய்விட்டது. தப்பே அங்கேதான் இருக்கிறது! கொலாடன் தான் நடந்த கதையைப் பின்னாளில் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது.

1831 ஆகஸ்ட் 29. பாரடே ஆறு அங்குல வெளிவிட்டமுள்ள ஒரு மெல்லிரும்பு வளையம் எடுத்தார். இரும்பின் கனம் ஒரு அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. ஒரு பாதியில் ஒரு செப்புக் கம்பிச் சுருள், மறுபாதியில் இன்னொன்று. நடுவில் நூலும் துணியும் இன்சுலேஷன். இரண்டாவது சுருளின் முனைகளைச் சேர்த்த கம்பி, மூன்றடி தள்ளி ஒரு காந்த ஊசியின் மேலாகப் போனது. முதல் சுருளைப் பத்து ஜோடித் தகடு கொண்ட பேட்டரியில் இணைத்த அந்தக் கணம் ஊசி அசைந்தது. ஆடி, பழைய இடத்திலேயே நின்றது. பேட்டரியை எடுத்தபோது மறுபடி அசைந்தது. இடைப்பட்ட நேரத்தில் ஒன்றுமில்லை. முதல் டிரான்ஸ்பார்மர் அதுதான். அக்டோபர் 17-ல் காந்தத்தையே சுருளுக்குள் விட்டு எடுத்து மின்சாரம் பெற்றார். நவம்பர் 24-ல் ராயல் சொசைட்டியில் கட்டுரை படிக்கப்பட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாளின் டைரிக் குறிப்பும் இருக்கிறது, அச்சான கட்டுரையும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டைரியில் செய்வினை. தந்தி பாணியில் 'நான்' விட்டுப்போயிருக்கும். ஆனால் சுற்றியதும் இணைத்ததும் அவர்தான் என்று வினை சொல்லும். வளையத்தை மட்டும் தான் செய்ததாக எழுதவில்லை. செய்ய வைத்ததாக எழுதுகிறார். யாரோ ஒரு தொழிலாளி அடித்துக் கொடுத்த வளையத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

கட்டுரையில்? ஆச்சரியம்! அதே வளையம் அங்கே 'செய்யப்பட்டது' என்று செயப்பாட்டுவினையில் வருகிறது. கம்பியும் 'சுற்றப்பட்டது'தான். கருவியைச் சொல்லும்போது கருவி முக்கியம். யார் சுற்றினாலும் அது அதே சுருள்தான். ஆனால் அதே கட்டுரையில், எந்த எண்ணம் தன்னை இதில் இறக்கியது, தான் எதை எதிர்பார்த்தோம், எது கிடைக்கவில்லை, என்ன முடிவுக்கு வந்தோம் என்று சொல்லும் இடங்களில் தன்னை முன்னே நிறுத்துகிறார். பாசிவ் கெட்டது, ஆக்டிவ் நல்லது என்று நினைத்துக்கொண்டு படிக்கப் போன எனக்கு இது ஒரு கொட்டு. இரண்டும் வேண்டும். எது எங்கே என்பதுதான் கேள்வி.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'சுற்றினேன்' என்றாலே போதும்; 'நான்' போடாவிட்டாலும் வினைமுற்றின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறான். 'சுற்றப்பட்டது' என்றால் அந்த வாலில் ஆள் இல்லை.

* ஆண்டர்சன் என்ற உதவியாளர் *

பாரடே 1832 ஆகஸ்டிலிருந்து டைரிப் பத்திகளுக்குத் தொடர் எண் போட ஆரம்பித்தார். கடைசி எண் 16041! 1839, 1840 வாக்கில் தலைசுற்றல், மறதி என்று உடம்பு உடைந்தது. நேற்று செய்தது இன்று மறக்கும் என்ற பயத்தோடு வாழ்ந்தவருக்கு அந்த எண்கள்தான் ஊன்றுகோல்.

அவரோடு லேபில் இருந்தவர் சார்லஸ் ஆண்டர்சன், பீரங்கிப் படையில் சார்ஜெண்டாக இருந்தவர். கண்ணாடி தயாரிப்புச் சோதனைக்கு உலை பார்க்க வந்தவர், கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கூடவே இருந்தார். ஒருநாள் வீட்டுக்குப் போகச் சொல்ல பாரடே மறந்துவிட, மறுநாள் காலை வரை உலையை அணையவிடாமல் ஆண்டர்சன் நின்றார் என்று ஒரு கதை உண்டு. 1845-ல் கனமான கண்ணாடி வழியே போகும் ஒளியைக் காந்தம் திருப்புகிறது என்று பாரடே கண்டுபிடித்தார். அந்த ஆராய்ச்சியை வெளியிட்டபோது, ஆண்டர்சனின் பெயரைப் போட்டு, அவருடைய கவனத்துக்கும் பொறுமைக்கும் நேர்மைக்கும் தான் பட்ட கடனை அடிக்குறிப்பில் எழுதினார். 'உலை எரிக்கப்பட்டது' என்று முடித்திருந்தால் ஆண்டர்சன் என்று ஒருவர் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

இதைப் படித்தபோது எனக்கு அட்டெண்டர் அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. மறைக்க விரும்பவில்லை.

* பை எங்கே? *

1844 செப்டம்பர் 28-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 பேர், சிறுவர்களும் சேர்த்து, இறந்தார்கள். அரசாங்கம் பாரடேயையும் நிலவியல் அறிஞர் சார்லஸ் லயலையும் விசாரணைக்கு அனுப்பியது. பாரடே சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்து லயலே அசந்துபோனார்.

சுரங்கத்தில் காற்று ஓடும் வேகத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை எடுத்து மெழுகுவத்திச் சுடரில் தூவ, இன்னொருவர் புகை போகும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார். சரி, மருந்தை எங்கே வைக்கிறீர்கள்? பையில் போட்டு வாயை இறுகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். ஒரு ரிப்போர்ட்டுக்கு அந்த வாக்கியம் தாராளமாகப் போதும். பாரடே விடவில்லை. அந்தப் பை எங்கே? அவர் உட்கார்ந்திருப்பதே அதன் மேல்தான் என்று பதில் வந்தது! விருந்தாளிக்கு வசதியான ஆசனம் என்று கொடுத்திருக்கிறார்கள்.

விபத்து மரணம், யார் மீதும் குற்றமில்லை என்று ஜூரி முடிவு சொன்னது. ஆனால் பாரடேயும் லயலும் தங்கள் அறிக்கையில், வாயு மட்டுமல்ல, நிலக்கரித் தூசியும் சேர்ந்துதான் நெருப்பைப் பெரிதாக்கியது என்று எழுதினார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

* தோற்றதையும் எழுதியவர் *

1849-ல் ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இருக்குமா என்று கம்பிச் சுருள்களை உயரத்திலிருந்து விழவைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மறைக்காமல் வெளியிட்டார். முடிவு இல்லை என்பதுதான். தொடர்பு உண்டு என்ற தன் நம்பிக்கை மட்டும் குறையவில்லை, ஆனால் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று பிரித்துச் சொன்னார். ரிசல்ட் வேறு, என் ஆசை வேறு! நாம் பக்கத்து பேட்ச் ரீடிங்கைப் பார்த்து கிராஃபை வளைக்கிறோமே, அங்கே இந்தப் பிரிவினை இல்லை.

1862 மார்ச் 12-ல் கடைசிச் சோதனை. காந்தம் ஒளியின் நிறமாலைக் கோடுகளை மாற்றுமா? மாற்றம் தெரியவில்லை என்று குறித்தார். முப்பத்து நான்கு வருஷம் கழித்து, பாரடே இப்படி முயன்று தோற்றார் என்று படித்த டச்சு விஞ்ஞானி ஜீமான், நல்ல கருவியோடு 1896-ல் அதையே செய்து வென்றார். 1902-ல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். தோல்வியை ஒழுங்காக எழுதி வைத்தால் அதுவும் ஒரு நாள் விளக்கேற்றும்.

பாரடேக்கு உயர் கணிதம் தெரியாது. அவர் சொன்னதைக் கணிதமாக மாற்றியவர் மாக்ஸ்வெல். 1857-ல் பாரடே அவருக்கு எழுதிய கடிதத்தில், கணிதக்காரர்கள் தங்கள் முடிவைச் சாதாரண மொழியிலும் சொன்னால் தன்னைப் போன்றவர்களுக்கு உதவுமே என்று கேட்டுக்கொண்டார். மாக்ஸ்வெல் 1873-ல் எழுதிய மின்காந்த நூலில் ஆம்பியரையும் பாரடேயையும் ஒப்பிடுகிறார். ஆம்பியர் முடிந்த கட்டடத்தை மட்டும் காட்டுகிறார், சாரத்தைப் பிரித்துவிடுகிறார். பாரடே பலித்த சோதனையோடு பலிக்காததையும் காட்டுகிறார், அதனால் மாணவன் பாரடேயைப் படிக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம்.

ராயல் சொசைட்டித் தலைவர் பதவி தேடி வந்தபோது பாரடே வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25-ல் ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. லண்டன் ஹைகேட் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

* நமக்கு என்ன? *

பாரடேக்குப் பிறகு, ஆள் தெரியாமல் எழுதினால்தான் அறிவியல் நடுநிலையாக இருக்கும் என்ற எண்ணம் வலுத்தது. இருபதாம் நூற்றாண்டில் பாசிவ் பழக்கம் ஊறிப்போய் நம் ரெக்கார்டு வரை வந்துவிட்டது. இன்றைக்கு 'நேச்சர்' போன்ற ஆய்விதழ்களே, முடிந்தவரை செய்வினையில் எழுதுங்கள் என்று சொல்கின்றன. பாரடேயிடம் நான் கற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன்:

1. கருவியின் அமைப்பு, வழக்கமான செய்முறை: செயப்பாட்டுவினை போதும். 'சுருளில் 200 சுற்றுகள் சுற்றப்பட்டுள்ளன' என்பதில் குறையில்லை.

2. அடுத்தவர் செய்ய வேண்டிய வேலை: நேராகச் சொல்லுங்கள். 'மெயின் சுவிட்ச் அணைக்கப்பட வேண்டும்' என்று போர்டு வைத்தால் யாராவது அணைப்பார்கள் என்று எல்லோரும் போய்விடுவார்கள். 'மெஷினைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணை' என்றால் படிப்பவனுக்கே சொன்னது.

3. தீர்மானம், சந்தேகம், முடிவு: யார் எடுத்தது என்று சொல்லுங்கள். 'கருதப்படுகிறது' என்றால் கருதுவது யார்?

4. தப்பு நடந்த இடம்: இங்கே செயப்பாட்டுவினை வேண்டவே வேண்டாம்.

5. உதவியவர்: பெயர் போடுங்கள்.

பரீட்சைக்கு எழுதும் ரெக்கார்டில் துறை சொல்லும் நடையை மீறச் சொல்லவில்லை. மார்க் போனால் என்னைத் திட்டாதீர்கள். ஆனால் அப்சர்வேஷன் நோட்டு நம்முடையது. நாளைக்கு வேலைக்குப் போனால் ஷிஃப்ட் லாக் புக், பிரேக்டவுன் ரிப்போர்ட் எல்லாம் நாம் எழுத வேண்டியவை. 'ஃபியூஸ் பிடுங்கப்பட்டது' என்று மட்டும் எழுதிவிட்டு ஷிஃப்ட் முடிந்து போனால், அடுத்து வருகிறவன் யாரைக் கேட்டு லைனில் கை வைப்பான்?

* என் கடிதம் *

பாரடே புத்தகத்தை மூடிய அன்று ராத்திரி ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை. மற்ற மூன்று பேரையும் எழுப்பிச் சொன்னேன். ஒருத்தன் திட்டினான். முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளறுகிறாய் என்றான். மெமோ வாங்கியவருக்கு அது முடியவில்லையே!

மறுநாள் புதுக் கடிதம் கொடுத்தேன். அம்மீட்டரை லோடுக்குத் தொடராக இணைக்காமல் வோல்ட்மீட்டர் மாதிரி சப்ளைக்குக் குறுக்கே இணைத்தது நான். சாரிடம் காட்டாமல் சுவிட்சைப் போட்டதும் நான். லேப் அட்டெண்டர் நல்ல மீட்டரைத்தான் கொடுத்தார்; இணைக்கும்போது அவர் அருகில் இல்லை. மொத்தம் மூன்று வரி, எல்லாம் செய்வினை. எழுதும்போது கை நடுங்கியதை ஒப்புக்கொள்கிறேன். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மீட்டர் விலையை இரண்டு தவணையில் நான் கட்டினேன். திட்டியவன் இரண்டாவது தவணையில் பாதி கொடுத்தான்.

அண்ணன் அதைப்பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை. அடுத்த லேபில் மீட்டரைக் கையில் கொடுத்து, கனெக்‌ஷன் கொடுத்ததும் தன்னை ஒரு தடவை கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அன்றைய அப்சர்வேஷன் நோட்டில் முதல் வரி இப்படி எழுதினேன்: சர்க்யூட் படத்தைப் பார்த்து நான் கனெக்‌ஷன் கொடுத்தேன், அண்ணன் சரிபார்த்தார்.

நண்பர்களே, உங்கள் நோட்டிலும் ஒரு வரியாவது அப்படி இருக்கட்டும்.

— மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்